பட்டியலில் ஒரு பெயர் விட்டுப்போனால்? அமெரிக்க மாநிலச் சட்டங்களுக்குள் விண்வெளிப் படை வந்த கதை

செல்போனில் ஓர் ஆன்லைன் விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருக்கிறீர்கள். பெயர், முகவரி எல்லாம் போட்டாச்சு. அடுத்து ஒரு பட்டியல் விரிகிறது. அதில் ஒன்றைத் தொட்டால்தான் அடுத்த பக்கம் வரும். மேலிருந்து கீழே தேடுகிறீர்கள், கீழிருந்து மேலே தேடுகிறீர்கள். உங்களுக்கு உரியது மட்டும் அதில் இல்லை. 'மற்றவை' என்ற வரியும் இல்லை. அந்த எரிச்சல் நம்மில் பலருக்கும் பழக்கம்தான்.

விண்ணப்பம் என்றால் யாரிடமாவது சொல்லித் திருத்தச் சொல்லலாம். சட்டமே இப்படி ஒரு பட்டியலாக இருந்து, அதில் உங்கள் பெயர் இல்லை என்றால் என்ன செய்வது? அமெரிக்காவில் ஒரு புதிய படைப்பிரிவு உருவானபோது, அங்குள்ள மாநிலங்கள் இந்தக் கேள்வியைத்தான் சந்தித்தன.

ஆறாவது படை

அமெரிக்காவின் ஆயுதப்படைகள் என்றால் நெடுங்காலமாக ஐந்து: தரைப்படை, கடற்படை, மரைன் படை, விமானப்படை, கடலோரக் காவல்படை. 2019 டிசம்பர் 20 அன்று அதிபர் டொனால்டு டிரம்ப் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். அதன்மூலம் ஆறாவதாக விண்வெளிப் படை வந்தது. 1947-ல் விமானப்படை தனிப் படையானதற்குப் பிறகு, அந்த நாட்டில் புதிதாக ஒரு படை உருவானது அப்போதுதான்.

பெயரைக் கேட்டதும் விண்வெளிக்குப் போய்ச் சண்டை போடுபவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். இந்தப் படையினர் வேலை செய்வது பூமியில்தான். செயற்கைக்கோள்களை இயக்குவது, ஏவுகணை வந்தால் முன்கூட்டியே எச்சரிப்பது, விண்வெளியில் சுற்றும் பொருட்களைக் கண்காணிப்பது, ராக்கெட் ஏவுதளங்களைப் பராமரிப்பது போன்றவை இவர்களுடைய பணிகள். உங்கள் செல்போனில் வழி காட்டும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களை இயக்குவதும் இந்தப் படைதான். புது ஊரில் வழி தேடும் ஒவ்வொரு முறையும், நமக்கே தெரியாமல் இவர்களுடைய உழைப்பை நாம் பயன்படுத்திக்கொண்டிருக்கிறோம்.

இவர்களில் பலர் புதிதாகச் சேர்ந்தவர்கள் அல்லர். விமானப்படையின் விண்வெளிப் பிரிவில் இருந்த சுமார் 16,000 வீரர்களும் குடிமைப் பணியாளர்களும்தான் தொடக்கத்தில் இந்தப் படைக்குப் பணியமர்த்தப்பட்டார்கள். வீரர்கள் பிறகு படிப்படியாக முறைப்படி மாற்றப்பட்டார்கள். அதே அலுவலகம், அதே வேலை. படையின் பெயர்தான் மாறியது. சிக்கல் தொடங்கிய இடமும் அதுதான்.

மத்தியச் சட்டம் வந்தாச்சே, மாநிலம் எதற்கு?

நியாயமான கேள்வி. ராணுவம் என்பது நம் நாட்டைப் போலவே அங்கும் மத்திய அரசின் பொறுப்பு. சம்பளம், சீருடை, பணியிட மாற்றம் எல்லாம் மத்திய அரசு பார்த்துக்கொள்ளும். ஆனால் படைவீரரும் அவர் குடும்பமும் அன்றாடம் வாழ்வது ஏதோ ஒரு மாநிலத்தில். சொத்து வரிச் சலுகை, மாநிலப் பல்கலைக்கழகத்தில் உள்ளூர்க்காரருக்கான கட்டணம், அரசு வேலையில் முன்னுரிமை, வெளியூரில் பணியில் இருக்கும்போது ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்கக் கூடுதல் அவகாசம், கணவரோ மனைவியோ வேறு மாநிலத்தில் வாங்கிய தொழில் உரிமத்துக்கு அங்கீகாரம் என்று பல விஷயங்கள் மாநிலச் சட்டங்களில்தான் இருக்கின்றன.

அப்படிப்பட்ட ஒவ்வொரு சட்டத்திலும் ஆரம்பத்தில் 'விளக்கங்கள்' என்று ஒரு பகுதி இருக்கும். இந்தச் சட்டத்தில் 'ஆயுதப்படை' என்றால் எது, 'படைவீரர்' என்றால் யார் என்பதை அதுதான் முடிவு செய்யும். பல சட்டங்களில் அந்த ஐந்து பெயர்களும் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. ஆறாவது பெயர் இல்லை. அந்தச் சட்டங்கள் எழுதப்பட்டபோது ஆறாவது படையே இல்லையே!

ஓர் உதாரணத்துக்கு இப்படி வைத்துக்கொள்வோம். ஒரு பெண் அதிகாரி பதினைந்து ஆண்டுகள் விமானப்படையில் செயற்கைக்கோள் பிரிவில் இருந்தார். பிறகு விண்வெளிப் படைக்கு மாற்றப்பட்டு, ஐந்து ஆண்டுகள் கழித்து ஓய்வு பெறுகிறார். பணி முடிந்து வெளியே வரும் ஒவ்வொரு வீரருக்கும் அங்கே 'டிடி 214' என்ற பணி விடுவிப்புச் சான்றிதழ் தருவார்கள். அதில் அவர் எந்தப் படை என்பதும் இருக்கும். இவருடைய சான்றிதழில் விண்வெளிப் படை என்று இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு ஒரு மாநிலச் சலுகைக்காக அலுவலகத்துக்குப் போகிறார். கவுண்டரில் இருப்பவர் சட்டத்தைப் பார்க்கிறார். ஐந்து பெயர்கள் இருக்கின்றன, இந்தப் பெயர் இல்லை. அவருக்கும் மனசு இருக்கும். ஆனால் சட்டத்தில் இல்லாததை அவராகச் சேர்க்க முடியாது. மேலதிகாரியிடம் கேட்க வேண்டும், சட்டக் கருத்து வாங்க வேண்டும். விண்ணப்பம் காத்திருக்கும்.

மறுத்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. சட்டத்தின் நோக்கத்தைப் பார்த்து, இவரும் படைவீரர்தான் என்று அலுவலகமோ நீதிமன்றமோ சொல்லக்கூடும். ஆனால் உரிமை என்பது எதிரே இருப்பவரின் புரிதலைப் பொறுத்து அமையக் கூடாது. ஓர் அலுவலகத்தில் கிடைப்பது இன்னொரு அலுவலகத்தில் கிடைக்காமல் போகும் நிலை யாருக்கும் வேண்டாம்.

சட்டத்தை இரண்டு விதமாக எழுதலாம்

முதல் வழி, பெயர்களை வரிசையாகச் சொல்வது. படித்தவுடன் யாருக்கும் புரியும். ஆனால் ஒரு சட்டம் சிலவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டால், சொல்லாதவற்றை விட்டுவிட்டது என்று பொருள் கொள்வது நீதிமன்றங்களில் நெடுங்காலமாக உள்ள வழக்கம். புதிதாக ஒன்று வந்தால் அது வெளியே நிற்கும்.

இரண்டாம் வழி, பட்டியல் போடாமல் 'மத்தியச் சட்டத்தில் ஆயுதப்படை என்று எது சொல்லப்பட்டிருக்கிறதோ அதுவே இங்கும்' என்று எழுதுவது. மத்தியச் சட்டம் மாறும்போது இதுவும் தானாக மாறிவிடும் என்று தோன்றும். ஆனால் அதிலும் ஒரு முடிச்சு உண்டு. நாளைக்கு வேறொரு மன்றம் எழுதப்போகும் திருத்தத்தை இன்றைக்கே ஏற்றுக்கொள்வது, சட்டமன்றம் தன் அதிகாரத்தைக் கைமாற்றிவிடுவதாகும் என்ற நிலைப்பாடு சில மாநிலங்களில் இருக்கிறது. அங்கே, சட்டம் இயற்றிய நாளில் மத்தியச் சட்டம் எப்படி இருந்ததோ அதுதான் செல்லும். ஆக, எந்த வழியில் எழுதியிருந்தாலும் பழைய சட்டங்களை எடுத்து ஒருமுறை சரிபார்த்தாக வேண்டும்.

மாநிலங்கள் என்ன செய்தன?

ஒரு பெயரைச் சேர்ப்பதுதானே, ஒரே நாளில் முடியாதா? முடியாது. படைவீரர்களைப் பற்றிய வரிகள் ஒரே சட்டத்தில் இருப்பதில்லை. வரி, கல்வி, தேர்தல், வாகனம், தொழில் உரிமம் என்று பல சட்டங்களில் சிதறிக் கிடக்கும். ஒவ்வொன்றையும் தேடி எடுத்து, சரியான இடத்தில் அந்தப் பெயரைச் சேர்த்து, மசோதாவாக்கி, அவையில் நிறைவேற்ற வேண்டும்.

அவை கூடவும் வேண்டுமே! டெக்சாஸ் மாநிலச் சட்டமன்றத்தின் வழக்கமான கூட்டத்தொடர் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் நடக்கும். 2019-க்கான கூட்டத்தொடர் அந்த ஆண்டு மே மாதமே முடிந்துவிட்டது. விண்வெளிப் படை வந்தது டிசம்பரில். அடுத்த கூட்டத்தொடர் 2021 ஜனவரியில். அந்த 2021 கூட்டத்தொடரில், படைவீரர்களுக்கும் அவர்களுடைய வாழ்க்கைத்துணைக்கும் தொழில் உரிமம் வழங்குவது பற்றிய சட்டத்தில் விண்வெளிப் படையின் பெயர் சேர்க்கப்பட்டது.

கேப் கனாவரல் ஏவுதளம் இருக்கும் புளோரிடாவில் இந்தப் படையினர் கணிசமாக வாழ்கிறார்கள். அங்கே 2022-ல் ஒரே மசோதாவின் மூலம், மாநிலச் சட்டங்களில் பல இடங்களில் விண்வெளிப் படையின் பெயரைச் சேர்த்தார்கள். வேறு மாநிலங்களும் அடுத்தடுத்து இதே வேலையைச் செய்தன. பரபரப்பான விவாதம் இல்லாத, செய்தியில் அதிகம் வராத வேலை இது. ஆனால் கவுண்டரில் நிற்பவருக்கு அந்த ஒரு வார்த்தைதான் எல்லாம்.

சரி, நமக்கு இதில் என்ன?

நம் நாட்டிலும் இதே போன்ற பட்டியல்கள் உண்டு. முன்னாள் படைவீரர்களை மத்திய அரசுப் பணிகளில் அமர்த்துவதற்கான 1979-ம் ஆண்டு விதிகள், இந்தியத் தரைப்படை, கடற்படை, விமானப்படை ஆகிய மூன்றில் பணியாற்றியவர்களைத்தான் முன்னாள் படைவீரர் என்று குறிப்பிடுகின்றன. இந்தியக் கடலோரக் காவல்படைக்கு 1978-ல் தனிச்சட்டம் வந்தது. அது பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ்தான் இயங்குகிறது. ஆனாலும் அந்த மூன்று பெயர்களில் அது இல்லை. யாருக்கு எந்தச் சலுகை என்பது அரசின் கொள்கை முடிவு. பொதுப் பேச்சில் 'ராணுவத்தில் இருந்தார்' என்று நாம் சொல்வதும், சட்டத்தில் 'முன்னாள் படைவீரர்' என்று சொல்வதும் எப்போதும் ஒன்றாக இருக்காது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

படைவீரர் குடும்பங்களுக்கு மட்டும் இல்லைங்க, எந்தச் சலுகைக்கு விண்ணப்பிப்பவருக்கும் இது பொருந்தும். மூன்று விஷயங்களைச் செய்யுங்கள்.

ஒன்று, விண்ணப்பத்துக்கு முன்னால் அறிவிக்கையில் உள்ள 'விளக்கங்கள்' பகுதியைப் படியுங்கள். 'விவசாயி', 'குடும்பம்', 'மாற்றுத்திறனாளி' போன்ற பழக்கமான சொற்களுக்கும் அங்கே தனிப் பொருள் இருக்கலாம்.

இரண்டு, அந்தச் சட்டத்தின் பழைய பிரதியை வாட்ஸ்அப்பில் பார்த்து முடிவெடுக்காதீர்கள். மத்திய, மாநிலச் சட்டங்களை 'இந்தியா கோட்' இணையதளத்தில் செல்போனிலேயே இலவசமாகப் படிக்கலாம். பிறகு வந்த திருத்தம் ஏதும் உண்டா என்பதையும் பாருங்கள்.

மூன்று, உங்கள் பெயர் பட்டியலில் இல்லை என்று திருப்பி அனுப்பினால், எந்த விதியின்படி என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முன்னாள் படைவீரர் என்றால், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விளக்கம் கேளுங்கள். மேல்முறையீட்டுக்கும் அந்த எழுத்துதான் உதவும், சட்டத்தில் ஒரு பெயர் விட்டுப்போயிருக்கிறது என்று அரசுக்குத் தெரியவும் அதுதான் உதவும்.