மரகத முக்கோணத்தில் ஒரு மர்ம மலை!

சினிமாவுல தாதா என்ட்ரி கொடுத்தா தியேட்டர்ல விசில் பறக்கும். சட்டத்தை மதிக்காத ஹீரோன்னா நமக்கு எப்பவுமே ஒரு கிக்! ஆனா ஒரு ஊரே அப்படி வாழ்ந்தா எப்படி இருக்கும்? வாங்க, அமெரிக்காவின் கலிஃபோர்னியாவுக்கு ஒரு ட்ரிப் அடிப்போம்.

சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே சுமார் 300 கி.மீ. தாண்டினா, வானத்தைத் தொடுற ரெட்வுட் மரங்கள். ஹம்போல்ட், மென்டசீனோ, டிரினிட்டி என மூணு கவுண்டிகள் (நம்மூர் மாவட்டம் மாதிரி). இந்த ஏரியாவுக்கு ‘எமரால்டு ட்ரையாங்கிள்’னு பேரு. அதாவது மரகத முக்கோணம். பச்சைக்குக் காரணம் மரம் மட்டுமில்ல... கஞ்சா!

1960-களின் கடைசியில், நகர வாழ்க்கை பிடிக்காத ஹிப்பிகள் இங்கே மலிவு விலையில் நிலம் வாங்கிக் குடியேறினாங்க. காய்கறியோட காய்கறியா கஞ்சாவும் வளர்ந்தது. சொந்த உபயோகத்துக்குன்னு ஆரம்பிச்சது, சீக்கிரமே ஊரோட பிழைப்பாயிடுச்சு.

1983-ல் அரசு ‘கேம்ப்’ என்ற பெயரில் கஞ்சா வேட்டையைத் தொடங்க, தலைக்கு மேலே ஹெலிகாப்டர் வட்டமடிச்சது. ஆனா செடிகள் அழிய அழிய, தப்பிச்ச செடிக்கு விலை எகிறிச்சு. ஒரு பவுண்டு (அரை கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு) 4,000 டாலர் வரை போன காலமும் உண்டு. செடிக்கு இல்ல பாஸ், ரிஸ்க்குக்குத்தான் அந்த விலை!

ரெய்டு வண்டி எந்த ரோட்டுல வருதுன்னு உள்ளூர் ரேடியோவிலேயே சொல்வாங்க. கஞ்சாப் பணத்துல ஸ்கூலுக்கும் தீயணைப்புப் படைக்கும் நன்கொடை போகும். ஊரே ஒரு குடும்பம் மாதிரி. கேட்க சூப்பரா இருக்குல்ல?

இப்ப மறுபக்கம். பேங்க்ல போட முடியாத பணத்தை மண்ணுல புதைச்சு வச்சாங்க. அது தெரிஞ்சவன் துப்பாக்கியோட வந்தா? ‘என் கஞ்சாவைக் காணோம்’னு ஸ்டேஷன்ல எழுதிக் கொடுக்க முடியுமா? அதனால பூட்டின கேட், நாய், துப்பாக்கி... இதுதான் காவல்.

அறுவடை சீசன்ல நம்ம வயசுப் பசங்க பல நாடுகள்ல இருந்து வேலை தேடி வருவாங்க. கத்தரிக்கோலால் இலையை நறுக்கி மொட்டைச் சுத்தம் செய்யணும். ரொக்கமா கூலி. ஆனா நடுக்காடு, செல்போன் சிக்னல் கிடைக்காது, எழுத்துல எந்த ஒப்பந்தமும் இல்ல. அங்கே பெண்கள் அனுபவிச்ச பாலியல் கொடுமைகளை 2016-ல் ஒரு புலனாய்வுக் கட்டுரை வெளியே கொண்டு வந்தது. வேலையே சட்டவிரோதம்னா, புகார் கொடுக்க எங்கே போவாங்க?

ஹம்போல்டில் ஆல்டர்பாயின்ட்னு ஒரு குக்கிராமம். பக்கத்து மலைக்கு ‘மர்டர் மவுன்டன்’னு பட்டப்பேரு. 2012 கடைசியில் அங்கே வேலைக்கு வந்த ஓர் இளைஞன் காணாமல் போனான். மாசங்கள் ஓடின. 2013-ல் உள்ளூர்க்காரங்க எட்டு பேர், சந்தேகப்பட்ட ஆளைத் துப்பாக்கி முனையில் பிடிச்சு, புதைச்ச இடத்தைக் காட்ட வச்சாங்க. மாஸ் சீன்தான். ஆனா உடல் கிடைச்சதே தவிர, நீதி கிடைக்கல. 2018-ல் இந்தக் கதை நெட்ஃபிளிக்ஸ் தொடரா வந்தபோதும், அந்தக் கொலைக்காக யார் மேலயும் வழக்கு இல்ல!

அதே 2018 ஜனவரி 1 முதல் கலிஃபோர்னியாவில் பெரியவங்களுக்குக் கடையிலேயே கஞ்சா விற்க அனுமதி. லைசென்ஸ், வரி, பெரிய பண்ணைகளோட போட்டி... ரிஸ்க் போச்சு, கூடவே விலையும் போச்சு. 2022 வாக்கில் ஒரு பவுண்டு சில நூறு டாலருக்கு இறங்க, சின்ன விவசாயிகள் பலரும் கடையைக் கட்டினாங்க.

சட்டத்துக்கு வெளியே வாழ்றது கெத்துன்னு தோணலாம். ஆனா நாளைக்கு நமக்கே ஒண்ணுன்னா, அந்தச் சட்டமும் வெளியேதான் நிக்கும். படம்னா மூணு மணி நேரத்துல முடிஞ்சிடும். பிள்ளையைத் தேடின அந்தக் குடும்பத்துக்கு?