கடல் கடக்கும் செவிலியம் – 7: கட்டணமில்லாப் படிப்பின் விலை

சென்ற இரு வாரங்களில் பார்த்த பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும், செவிலியம் பயிலச் செல்லும் வெளிநாட்டவர் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, உள்நாட்டு மாணவரைவிடக் கூடுதலான கட்டணம் செலுத்திப் பட்டம் பெற்று, அதன்பின் செவிலியர் பதிவுக்கு விண்ணப்பிக்கிறார். ஜெர்மனியில் பெரும்பாலோர் செல்லும் பாதை வேறு. அங்கே பயிலவருபவர் முதலில் கையெழுத்திடுவது ஒரு மருத்துவமனையுடனோ முதியோர் இல்லத்துடனோ செய்துகொள்ளும் பயிற்சி ஒப்பந்தத்தில். அந்நிறுவனத்தோடு இணைந்த செவிலியப் பள்ளியில் அவருக்குரிய இடம் அந்த ஒப்பந்தத்தின் வழியாகவே அமைகிறது. அவர் கட்டணம் கட்டுவதில்லை என்பதோடு மாதந்தோறும் ஊதியமும் பெறுகிறார். 'அவுஸ்பில்டுங்' என்று ஜெர்மானியர் அழைக்கும் இம்முறையில், வகுப்பறையும் பணியிடமும் மாறிமாறி வர, ஒரு தொழில் முழுமையாகக் கற்பிக்கப்படுகிறது. தமிழ்நாட்டு முகவர்களின் விளம்பரங்களில் இது 'இலவச நர்சிங் படிப்பு' என்று சுருங்கிவிடுகிறது. அந்தச் சொல்லில் பொய் இல்லை. ஆனால் விலை எங்கே செலுத்தப்படுகிறது என்பதை அது சொல்வதில்லை.

2017இல் நிறைவேறி 2020 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த செவிலியத் தொழில்கள் சட்டம், அதுவரை முதியோர் பராமரிப்பு, பொதுச் செவிலியம், குழந்தைச் செவிலியம் என மூன்றாகப் பிரிந்து கிடந்த பயிற்சிகளை ஒன்றாக்கி, மூன்றாண்டுப் பொதுப் பயிற்சியை உருவாக்கியது. பயிற்சியாளரிடம் பள்ளிக் கட்டணம் வாங்கக்கூடாது என்பதையும் அச்சட்டமே விதித்தது. முன்பு முதியோர் பராமரிப்புப் பயிற்சிக்குச் சில இடங்களில் கட்டணம் இருந்தது. புதிய சட்டத்தின்படி வகுப்பு 2,100 மணி நேரம், பணியிடப் பயிற்சி 2,500 மணி நேரம். மருத்துவமனையின் உள்நோயாளிப் பிரிவு, நீண்டகாலப் பராமரிப்பு இல்லம், வீடு தேடிச் செல்லும் பராமரிப்பு ஆகிய மூன்றிலும் தலா 400 மணி நேரத்தைப் பயிற்சியாளர் கழித்தாக வேண்டும். மனநலப் பிரிவும் குழந்தைகள் பிரிவும் இவற்றோடு சேரும். பயிற்சியின் இரண்டாம் பாதியில் 80 முதல் 120 மணி நேரம் வரை இரவுப் பணியும் மேற்பார்வையுடன் உண்டு. பணியிடத்தில் கழியும் நேரத்தில் குறைந்தது பத்தில் ஒரு பங்காவது, அதற்கெனத் தனிப்பயிற்சி பெற்ற மூத்த செவிலியர் ஒருவர் உடனிருந்து வழிநடத்த வேண்டும் என்பது விதி. ஆள் பற்றாக்குறை மிகுந்த பிரிவுகளில் இந்தப் பத்தில் ஒரு பங்குதான் முதலில் கரைவது என்பதால், நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பவர் வழிகாட்டும் செவிலியர் எத்தனை பேர் இருக்கின்றனர் என்று கேட்டறிவது, விடுதி வசதியைக் கேட்டறிவதைவிட முக்கியமானது.

ஊதியத்தைப் பொறுத்தவரை, பொதுத்துறை ஒப்பந்தத்தின்படி 2024 மார்ச்சில் முதலாண்டுப் பயிற்சியாளர் 1,340 யூரோவுக்குச் சற்று மேலும், மூன்றாமாண்டுப் பயிற்சியாளர் 1,500 யூரோவுக்குச் சற்று மேலும் பெற்றனர். சமூகக் காப்பீட்டுப் பிடித்தங்களும் வாடகையும் போக எஞ்சுவது நகரத்தைப் பொறுத்தது. மியூனிக்கில் கைக்கு மிஞ்சுவதும் கிழக்கு ஜெர்மனியின் சிறுநகரம் ஒன்றில் மிஞ்சுவதும் ஒன்றல்ல. இருந்தாலும், ஜெர்மனியில் பல்கலைக்கழகம் செல்லும் வெளிநாட்டு மாணவர், செலவுக்குப் பணம் உண்டு என்பதற்குச் சான்றாக, ஓராண்டுக்கு 11,904 யூரோவை மாதந்தோறும் சிறுகச் சிறுக மட்டுமே எடுக்கக்கூடிய முடக்கக் கணக்கில் 2024 செப்டம்பர் முதல் காட்ட வேண்டியிருந்ததை நோக்கினால், நடுத்தரக் குடும்பம் ஒன்றுக்கு இந்த ஊதியம் எவ்வளவு பெரிய வாசலைத் திறக்கிறது என்பது விளங்கும்.

விலை மொழியில்தான் செலுத்தப்படுகிறது. ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலில் ஆறு படிகள் உள்ளன. பயிற்சி விசாவுக்குப் பொதுவாக மூன்றாம் படியான பி1 கேட்கப்படுகிறது. செவிலியப் பள்ளிகள் பலவும் நான்காம் படியான பி2 நிலையை எதிர்பார்க்கின்றன. சென்னையிலோ கோவையிலோ ஓராண்டு படித்து பி1 சான்றிதழ் பெற்ற ஒருவர் முதன்முதலாக நிலைகுலைவது பெரும்பாலும் வகுப்பறையில் அல்ல, செவிலியர்கள் ஹேண்டோவர் என்று சொல்லும் பணி ஒப்படைப்பில். இரவுப் பணி முடித்தவர் களைப்போடு நின்றுகொண்டு, ஒவ்வொரு நோயாளிக்கும் ஓரிரு நிமிடத்தில், பாதி வாக்கியங்களிலும் சுருக்கச் சொற்களிலும் சொல்லிக்கொண்டே போவார். குறித்துக்கொள்வதற்குள் அடுத்த அறைக்குப் பேச்சு போய்விடும். அதன்பின் எதிர்ப்படும் முதியவர் பேசுவது பாடநூல் ஜெர்மன் அன்று. பவேரியாவின் சிற்றூர்க்காரர் மறதிநோயின் பிடியில் தம் வட்டார வழக்குக்கே திரும்பியிருப்பார். ஏட்டுத் தமிழை மட்டும் கற்ற அயல்நாட்டவர் நாகர்கோவில் பாட்டி ஒருவரின் கட்டிலருகே நின்று, அவருக்கு எங்கே வலிக்கிறது என்று கண்டுபிடிப்பதற்கு இது ஒப்பாகும்.

வேலையின் இயல்பும் தமிழகத்திலிருந்து செல்பவருக்குப் புதிது. இங்கே நோயாளியைக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, படுக்கைப்புண் வராதபடி புரட்டிப் படுக்கவைப்பது ஆகியவற்றை உறவினரோ ஆயாவோ செய்துவிடுகின்றனர். அங்கே அவை செவிலியத்தின் மையப்பகுதி. மறுபுறம், இங்கே செவிலியர் அன்றாடம் செய்யும் நரம்பூசி போன்றவற்றை அங்கே பல இடங்களில் மருத்துவரே வைத்துக்கொள்கிறார். இதைத் தாழ்வாக எண்ணி ஏமாற்றமடைவோர் பலர். ஆயினும் நோயாளியின் பராமரிப்புத் தேவையைக் கணிப்பதும், பராமரிப்பைத் திட்டமிட்டு நடத்துவதும், அதன் தரத்தை மதிப்பிடுவதும் தகுதிபெற்ற செவிலியருக்கே உரியவை என்று மேற்சொன்ன சட்டம் ஒதுக்கி வைத்திருக்கிறது. இறுதிச் செய்முறைத் தேர்வும் இதையே சோதிக்கிறது: மாணவர் குறைந்தது இருவரை, அவர்களில் ஒருவர் மிகுந்த பராமரிப்பு தேவைப்படுபவர், தேர்வாளர்களின் பார்வையில் கவனித்து, தாம் செய்தது ஏன் என்று இறுதியில் ஜெர்மனில் விளக்கியாக வேண்டும்.

வெளிநாட்டுப் பெண்கள் இப்பயிற்சிக்குச் செல்வது புதிய செய்தியும் அன்று. 1960களில் கத்தோலிக்கத் திருச்சபையின் ஏற்பாட்டில் கேரளத்திலிருந்து ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் மேற்கு ஜெர்மனிக்குச் சென்றனர். அவர்களில் பலர் அங்கேயே செவிலியம் பயின்றனர். 1973 நவம்பரில் அந்நாடு வெளிநாட்டுத் தொழிலாளரைச் சேர்ப்பதை நிறுத்தியது. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் உள்ளூர்ச் செவிலியர் போதுமென்று தோன்றியதும், சில மாநிலங்கள் அப்பெண்களின் தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தன. பயிற்றுவித்த நாடே திருப்பி அனுப்பிய அந்த அனுபவத்தோடு ஒப்பிட்டால் இன்றைய சட்டம் கனிவானது: ஜெர்மனியில் பயிற்சி முடித்துத் தகுதிக்கேற்ற பணியில் இரண்டாண்டு கழித்தவர், பிற நிபந்தனைகளும் நிறைவேறினால், நிரந்தரமாகத் தங்கும் அனுமதி கேட்கலாம். பயிற்சிக் காலம் அவ்வளவு உறுதியானதன்று. முதல் ஆறு மாதம் சோதனைக் காலம். அதற்குள் இரு தரப்பில் யாரும் முன்னறிவிப்பின்றி ஒப்பந்தத்தை முறிக்கலாம். பயிற்சியாளரின் தவறு இல்லாமல் இடம் பறிபோனால் வேறு இடம் தேட ஆறு மாதம் வரை கிடைக்கும். தாமே விட்டு விலகியவருக்கு இந்தக் காப்பு எளிதில் கிட்டுவதில்லை.

ஒப்பந்தத்தில் பலர் படிக்காமல் கடந்துவிடும் இரண்டு இடங்கள் உள்ளன. ஒன்று, பயிற்சியின் பெயர். செவிலிய உதவியாளருக்கான குறுகிய பயிற்சியும் அங்கே உண்டு. முகவரின் வாயில் இரண்டும் 'நர்சிங்' என்றே வரும், ஆனால் உதவியாளர் சான்றிதழை வைத்துச் செவிலியராகப் பணிபுரிய இயலாது. மற்றொன்று, மூன்றாம் ஆண்டின் போக்கு. முதியோர் இல்லத்துடன் ஒப்பந்தம் செய்தவர் கடைசி ஆண்டில் பொதுச் செவிலியத்தைத் தொடரலாம். விரும்பினால் முதியோர் பராமரிப்புக்கென்றே உள்ள தனிப்பட்டயத்துக்கும் மாறலாம். பொதுப் பட்டயம் ஐரோப்பிய ஒன்றியத்தின் பிற நாடுகளில் தானாக ஏற்கப்படும். தனிப்பட்டயத்துக்கு அந்தச் சலுகை இல்லை. ஆஸ்திரியாவுக்கோ அயர்லாந்துக்கோ பிற்காலத்தில் செல்லக்கூடும் என்று நினைப்பவர், இல்லத்தின் நிர்வாகி எவ்வளவு அன்பாகக் கேட்டாலும், பொதுப் பயிற்சியை விட்டு விலகாதிருப்பதே நன்று.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவருக்கு இன்னொரு வழியும் திறந்திருக்கிறது: இங்கேயே நான்காண்டு பி.எஸ்ஸி. நர்சிங் முடித்து, ஜெர்மனியில் அப்பட்டத்துக்கு அங்கீகாரம் கோருவது. கேரள அரசின் நோர்க்கா அமைப்பு ஜெர்மானிய அரசு நிறுவனங்களுடன் 2021 இறுதியில் செய்துகொண்ட ஏற்பாடு இந்த வழியைச் சேர்ந்தது. இதில் கையில் ஒரு பட்டம் இருக்கிறது. ஜெர்மனி ஒத்துவராவிட்டால் வளைகுடாவுக்கோ பிரிட்டனுக்கோ அதே பட்டத்தோடு விண்ணப்பிக்கலாம். அவுஸ்பில்டுங் முடித்தவரின் கையில் இருப்பது ஜெர்மானியத் தொழில் பட்டயம். அது ஐரோப்பாவுக்குள் வலிமையானது, இந்தியப் பல்கலைக்கழகக் கண்ணோட்டத்தில் பட்டம் அன்று. பதினெட்டு வயதில் ஐரோப்பாவிலேயே தங்குவது என்று முடிவெடுக்கத் துணிந்தவருக்கும், மொழியில் நாட்டமுள்ளவருக்கும் முதல் வழி பொருந்தும். அந்த முடிவை ஒத்திப்போட விரும்புபவருக்கு இரண்டாவதே ஏற்றது, நான்காண்டுக் கட்டணத்தைக் குடும்பம் தாங்குமானால். அங்கீகாரம் கோரும்போது ஜெர்மானிய அலுவலகங்கள் இந்தியப் பாடத்திட்டத்தில் குறைகாணும் விதமும், அந்தக் குறையை ஈடுசெய்யும் தகவமைப்புப் பயிற்சியும் அறிவுத் தேர்வும் அடுத்த வாரம்.

(தொடரும்)