சதுரங்கத்தில் கூட்டுத் தொடக்கம்

சதுரங்கம் இருவர் ஆடும் ஆட்டம் என்பதே நம்மில் பலருடைய எண்ணம். ஒரு பலகை, இருபுறமும் இருவர், பேச்சில்லாத ஒரு போர். ஆனால் ஓர் ஊரார் ஒன்றுகூடி மற்றோர் ஊராரோடு ஆடுவதும், பல ஊர்களில் இருப்போர் ஒரே பக்கத்தில் நின்று ஆடுவதும் இவ்வாட்டத்தின் வரலாற்றில் நெடுநாளாக உள்ள வழக்கங்களே. இணையம் வந்த பின்னர் இவ்வழக்கம் பெரிதும் பரவியிருக்கிறது. தில்லியில் ஒருவர், புனேயில் ஒருவர், ஜாம்ஷெட்பூரில் ஒருவர் எனச் சிதறி வாழ்வோர் ஓரணியாக ஆடுவதற்கு இன்று வழியுண்டு. அத்தகைய ஆட்டத்தில் மிகக் கடினமான பகுதி எது என்று கேட்டால், தொடக்கமே என்று கூறத் தோன்றுகிறது. அதன் காரணத்தைச் சற்று ஆராய்வோம்.

தொடக்கம் என்பது ஆட்டத்தின் முதற் பத்துப் பதினைந்து நகர்த்தல்கள். பலகையின் நடுவில் இடம் பிடித்தல், காய்களை வெளிக்கொணர்தல், அரசனைப் பாதுகாப்பான மூலையில் அமர்த்தல் ஆகிய மூன்றும் இப்பகுதியில் நிறைவேற வேண்டும். இனி வரும் விளக்கத்துக்காக ஒரு குறிப்பு: பலகையின் நெடுக்கு வரிசைகளுக்கு ஏ முதல் எச் வரையிலான எழுத்துக்களும், குறுக்கு வரிசைகளுக்கு 1 முதல் 8 வரையிலான எண்களும் பெயராக வழங்குகின்றன. மூலைவாட்டில் செல்லும் காயை மந்திரி என்றும், நேராகச் செல்லும் மூலைக் காயை யானை என்றும், முன்னணியில் நிற்பவற்றைக் காலாட்கள் என்றும் இங்கே குறிப்பிடுவோம்.

இணையக் குழு ஆட்டம் இருவகைப்படும். ஒன்றில், அணியினர் ஒவ்வொருவரும் தத்தம் பலகையில் தனித்தனியே ஆடுவர். வெற்றிகளைக் கூட்டி அணியின் கணக்கு எழுதப்படும். 2020ஆம் ஆண்டு இணையவழியே நடைபெற்ற ஒலிம்பியாட் போட்டி இவ்வகையைச் சார்ந்தது. விசுவநாதன் ஆனந்த், கொனேரு ஹம்பி முதலியோர் அடங்கிய இந்திய அணி அதில் ரஷ்யாவுடன் தங்கப் பதக்கத்தைப் பகிர்ந்துகொண்டது. மற்றொரு வகையில் பலகை ஒன்றே. அணியினர் அனைவரும் கூடி ஆராய்ந்து, வாக்களித்து, ஒவ்வொரு நகர்த்தலையும் முடிவு செய்வர். தொடக்கத்தின் சிக்கல் முழுவதும் வெளிப்படுவது இந்த இரண்டாம் வகையில்தான்.

இதற்கு முன்னோடி கடித ஆட்டமாகும். 1824ஆம் ஆண்டு லண்டன், எடின்பரோ நகரங்களின் சதுரங்கக் கழகங்கள் அஞ்சல் வழியே ஒரு போட்டியைத் தொடங்கின. குதிரை வண்டி கடிதம் சுமந்த காலம் அது. போட்டி முடிய 1828ஆம் ஆண்டாயிற்று. வென்றது எடின்பரோ. அப்போட்டியிலிருந்து ஒரு தொடக்கத்துக்கு ‘ஸ்காட்ச்’ என்ற பெயர் நிலைத்தது. 1834இல் தொடங்கிய மற்றொரு கடிதப் போட்டியில், பாரிஸ் நகரத்தார் லண்டன் நகரத்தாரை எதிர்த்து, அரசனுக்கு முன்னுள்ள காலாளை ஒரு கட்டம் மட்டும் நகர்த்தி ஆடினர். அதுவே இன்று ‘பிரெஞ்சுத் தற்காப்பு’ என்று உலகெங்கும் வழங்குகிறது. இவ்விரு பெயர்களும் தனி வீரர் எவரையும் குறியாமல், கூடி ஆடிய ஊராரையே நினைவூட்டுகின்றன.

நம் நாட்டுக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. 1829ஆம் ஆண்டு சென்னையில் ஒரு சதுரங்க நூல் அச்சாயிற்று. சென்னையைச் சேர்ந்த குலாம் காசிம் என்பவரும், சென்னை அரசுப் பணியிலிருந்த ஜேம்ஸ் கோக்ரேன் என்னும் ஆங்கிலேயரும் அதன் ஆசிரியர்கள். சென்னைக்கும் ஐதராபாத்துக்கும் இடையே நடந்த இரண்டு ஆட்டங்களும், குதிரையைப் பலியிட்டு எதிரி அரசன் மீது பாயும் ‘முசியோ’ என்னும் தொடக்கத்தின் ஆராய்ச்சியும் அதில் இடம்பெற்றன. குலாம் காசிமின் பெயர் தாங்கிய ஒரு கிளைத் தொடக்கம் இன்றும் சதுரங்க நூல்களில் காணப்படுகிறது. ஊர் விட்டு ஊர் ஆடும் ஆட்டமும் தொடக்க ஆராய்ச்சியும் உடன்பிறந்தவை என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

இனி, வாக்களித்து ஆடுவதில் உள்ள இடர்களைப் பார்ப்போம். முதல் இடர், திட்டம் முறிதல். அணியின் ஒரு சாரார் பிரெஞ்சுத் தற்காப்பை விரும்பி, ஈ-6 என்ற நகர்த்தலுக்கு வாக்களித்து வென்றனர் என்று கொள்வோம். அடுத்த நகர்த்தலில் டி-5 கட்டத்துக்குக் காலாளைச் செலுத்தி நடுவை எதிர்ப்பதே அத்தொடக்கத்தின் உயிர். ஆனால் மறுநாள் வேறொரு சாரார் மிகுதியாக வந்து, மந்திரியை விளிம்பு வழியே வெளிக்கொணரும் எண்ணத்துடன் ஜி-6 என்று வாக்களிக்கின்றனர். தனித்தனியே பார்த்தால் இரண்டும் குற்றமற்ற நகர்த்தல்கள். சேர்த்துப் பார்த்தாலோ, அரசனைச் சூழ்ந்த கறுப்புக் கட்டங்கள் வலுவிழந்து நிற்கும். இரண்டாம் இடர், வாக்குப் பிரிதல். நூறு பேரில் அறுபதின்மர் ஆட்டத்தைத் திறக்க விரும்புகின்றனர். ஆனால் அதற்குரிய இரண்டு நகர்த்தல்களுக்கு முப்பது முப்பதாகப் பிரிந்து வாக்களிக்கின்றனர். எஞ்சிய நாற்பதின்மரின் அடைப்பான நகர்த்தலே வெல்கிறது. பெரும்பாலோர் விரும்பாத ஆட்டத்தை அணி முழுவதும் ஆட நேர்கிறது.

இவ்விடர்களைக் கடந்து ஓர் அணி எவ்வாறு ஆடலாம் என்பதற்கு 1999ஆம் ஆண்டு நடந்த ஆட்டம் சிறந்த எடுத்துக்காட்டு. அப்போது உலக வாகையராக இருந்த கேரி காஸ்பரோவ் வெள்ளைக் காய்களுடன் ஒருபுறம். 75க்கு மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்த 50,000க்கு மேற்பட்டோர் உலக அணியாக மறுபுறம். மைக்ரோசாப்ட் நிறுவனம் இணையத்தில் ஏற்பாடு செய்த இவ்வாட்டம் ஜூன் 21ஆம் நாள் தொடங்கியது. நகர்த்தல் ஒன்றுக்கு ஒரு நாள் அவகாசம். எத்தியன் பாக்ரோ, ஃப்ளோரின் ஃபெலெக்கான், ஐரினா கிரஷ், எலிசபெத் பேட்ஸ் ஆகிய இளைஞர் நால்வர் உலக அணிக்கு ஆலோசகர்கள்.

காஸ்பரோவ் ஈ-4 என்று தொடங்கினார். உலக அணி சி-5 என்று விடை கூறியது. இது ‘சிசிலியன் தற்காப்பு’. வெள்ளை ஆட்டக்காரர் மூன்றாம் நகர்த்தலில் டி-4 கட்டத்துக்குக் காலாளைச் செலுத்தி நடுவைத் திறப்பதே இங்குப் பெருவழி. காஸ்பரோவ் அதனை விடுத்து, மந்திரியைப் பி-5இல் நிறுத்தி அரசனுக்குச் ‘செக்’ வைத்தார். மந்திரிகள் ஒன்றுக்கொன்று வெட்டுண்டன. ஆட்டம் அமைதியான பாதையில் செல்வதுபோல் தோன்றியது.

பத்தாம் நகர்த்தலில் நிலை மாறியது. அதுவரை நூல்கள் பேசாத ஒரு புது நகர்த்தலை ஐரினா கிரஷ் முன்மொழிந்தார். அவருக்கு அப்போது வயது 15. அரசியை ஈ-6 கட்டத்தில் நிறுத்த வேண்டும் என்பது அவர் யோசனை. அங்கிருந்து ஈ-4, சி-4 என்னும் கட்டங்களில் உள்ள இரண்டு வெள்ளைக் காலாட்களையும் அரசி ஒருங்கே தாக்குவாள். இதற்கு விலையும் உண்டு. வெள்ளைக் குதிரை டி-5இல் பாய்ந்து, பின் சி-7இல் புகுந்து, மூலையிலுள்ள யானையை வீழ்த்திவிடும். ஆயினும் உள்ளே புகுந்த குதிரை மீள வழியில்லை. யானை ஒன்றைக் கொடுத்து, குதிரை ஒன்றையும் காலாட்கள் இரண்டையும் பெறும் இந்தப் பேரத்தை உலக அணி வாக்களித்து ஏற்றது. அவ்வாறே ஆடியும் காட்டியது. தம் வாழ்நாளில் வேறெந்த ஆட்டத்துக்கும் இவ்வளவு உழைத்ததில்லை என்று காஸ்பரோவ் பின்னர்க் கூறினார்.

இத்தகைய துணிவான நகர்த்தலைப் பல்லாயிரவர் எவ்வாறு ஒருமுகமாக ஏற்றனர்? கிரஷ் தம் யோசனையோடு அதன் காரணங்களையும் எழுதினார். எதிரி இவ்வாறு ஆடினால் நாம் இவ்வாறு ஆடுவோம் என்னும் கிளைகள் அனைவர் பார்வைக்கும் வைக்கப்பட்டன; பலர் அவற்றைச் சோதித்துத் திருத்தினர். பத்தாம் நகர்த்தலுக்கு வாக்களித்தவர்கள் பதினான்காம் நகர்த்தலையும் கண்டே வாக்களித்தார்கள். அந்த ஒருமை இறுதிவரை நீடிக்கவில்லை. 58ஆம் நகர்த்தலில் கிரஷின் ஆலோசனை உரிய வேளையில் வாக்காளர்களைச் சென்றடையவில்லை. அணியில் மனத்தாங்கல் மிகுந்தது. தோல்விக்கு அது ஒன்றே காரணம் என்று கூற இயலாது. எனினும், அக்டோபர் மாதம், 62 நகர்த்தல்களுக்குப் பின் உலக அணி தோல்வியை ஒப்புக்கொண்டபோது, தொடக்கத்திலிருந்த அந்த அணி அங்கில்லை என்றே சொல்ல வேண்டும்.

தொடக்க நூல்களை மனப்பாடம் செய்த வல்லுநர்களே இத்தகைய ஆட்டத்துக்கு உரியவர்கள் என்று எண்ணிவிடலாகாது. 2025ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் மாக்னஸ் கார்ல்சனுக்கு எதிராக 1,43,000க்கு மேற்பட்டோர் இணையத்தில் ஓரணியாக ஆடினர். பின்வரிசைக் காய்களின் இடத்தை மாற்றி அடுக்கித் தொடங்கும் முறை அதில் கையாளப்பட்டது. ஆகவே துணைக்கு எந்தத் தொடக்க நூலும் கிடையாது. முதல் நகர்த்தலிலிருந்தே கூடிச் சிந்திக்க வேண்டியதாயிற்று. அவ்வணி 32ஆம் நகர்த்தலில் ஆட்டத்தைச் சமன் செய்தது. நூலறிவு பெரிதும் உதவும். ஆனால் காரணம் கேட்டுக் காரணம் கூறும் பழக்கமே அணியைத் தாங்குகிறது என்பது இதனால் விளங்கும்.

வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர் ஒரு சிறு அணி அமைத்து ஆட விரும்பினால், பின்வருவனவற்றைக் கருத்திற் கொள்ளலாம். வெள்ளைக்கு ஒரு தொடக்கமும், கறுப்புக்கு இரண்டும் முன்னரே தேர்ந்துகொள்வது நலம். அணியில் மிக வல்லவர் விரும்பும் தொடக்கத்தைவிட, அனைவரும் பொருளுணர்ந்து ஆடக்கூடிய எளிய தொடக்கமே சிறந்தது. வாக்களிக்குமுன் ஒவ்வொருவரும் ஒரு வரியேனும் காரணம் எழுதவேண்டும். தோற்ற யோசனைக்கு உரியவர், வென்ற யோசனையைத் தமதாகவே கொண்டு அடுத்த நகர்த்தலை ஆராய வேண்டும். நாளுக்கொரு நகர்த்தலாக நடைபெறும் இணைய ஆட்டங்களில் தொடக்க நூல்களைப் பார்ப்பதற்குப் பொதுவாக அனுமதியுண்டு. கணிப்பொறியிடம் நகர்த்தல் கேட்பதற்கு அனுமதியில்லை. இவ்வரம்பைக் காப்பது விதிக்காக மட்டுமன்று. கணிப்பொறி கூறிய நகர்த்தலுக்கு விடை உண்டு, காரணம் இராது. காரணமில்லாத இடத்தில் கூடிப் பேசுவதற்கு எதுவும் இல்லை.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் ஒன்று கூறத் தோன்றுகிறது. பலர் கூடிச் செய்யும் மொழிபெயர்ப்பில் முதற் பக்கத்துக்கே மிகுந்த நேரம் செல்லும். எந்தச் சொல்லுக்கு எந்தச் சொல் என்று அங்கே உடன்பட்டுவிட்டால், பிற பக்கங்கள் வெவ்வேறு கைகளில் எழுதப்பட்டாலும் ஒரே நூலாக அமையும். சதுரங்கத் தொடக்கமும் அத்தகையதே. முதற் பத்து நகர்த்தல்களில் அணி தேடுவது வெற்றியை அன்று. அதன்பின் வரும் ஐம்பது நகர்த்தல்களையும் சேர்ந்து சிந்திப்பதற்குரிய ஒரு பொதுமொழியை.