தாள் சேர்த்து ஆடும் ஆட்டம்: புதியோர்க்குச் சில குறிப்புகள்

முந்நூற்று நான்கு ஆடுவோர் யாவரும் ஒரே கட்டுத் தாளினைப் பகிர்ந்து ஆடுவர். 'மஜிக்: த கதறிங்' என்னும் ஆட்டத்திலோ, ஒவ்வொருவரும் தாமே தெரிந்தெடுத்த கட்டுடன் களம் புகுவர். அமெரிக்கக் கணித அறிஞர் றிச்சட் கார்பீல்ட் வகுத்த இவ்வாட்டம் 1993ஆம் ஆண்டில் வெளிவந்தது. அரிய தாள்களை விலை கொடுத்துக் குவித்தால் வெற்றி கிட்டும் எனப் புதியோர் மயங்குதல் இயல்பே. ஆயின், அளவறிந்து கட்டினை அமைத்தலே முதற்படி என்பது நம் கருத்து.

வழக்கமான கட்டில் குறைந்தது 60 தாள்கள் வேண்டும். அடிப்படை நிலத் தாள்கள் நீங்கலாக, ஒரே பெயருடைய தாள் நான்கிற்கு மேற்படலாகாது. ஆடுவோர் ஒவ்வொருவர்க்கும் தொடக்கத்தில் 20 உயிர்ப் புள்ளிகளும் ஏழு தாள்களும் உண்டு. ஏனைய தாள்களை இறக்குதற்குரிய ஆற்றலைத் தருவது நிலமே. அதனையும் முறைக்கு ஒன்றாகவே இடலாம். ஆதலின் 60இல் ஏறக்குறைய 24 நிலமாக அமைப்பர். அவ்வாறாயின் முதற் கையில் சராசரி மூன்றளவில் வரும். நிலம் குன்றின், வலிமை மிக்க பூதத் தாளும் கையிலேயே உறங்கும். மிகின், இறக்குதற்கு ஒன்றும் இராது.

ஆதலால், ஆயத்தமாக விற்கப்படும் கட்டொன்றினை வாங்கிப் பன்முறை ஆடிப் பார்த்தல் நன்று. பயன்படாது கையில் தேங்கும் தாள் எதுவெனக் கண்டு, ஒவ்வொன்றாக மாற்றுக. உள்ளிருப்பது அறியாது வாங்கும் மூடிய பொதிகள் அதிர்ஷ்டலாபச் சீட்டினை ஒத்தன. பெற்றோர் தந்த பணத்தை அவற்றில் இறைக்காது, வேண்டிய தாளைத் தனியே வாங்குமாறும் நண்பரொடு மாற்றிக்கொள்ளுமாறும் மாணவரை வேண்டுகின்றோம்.