நாளைக்குப் பார்த்துக் கொள்ளலாம்!

வீட்டுக் கூரை ஒழுகுகிறது. ஓடு மாற்றுவதா, தளமே போட்டுவிடுவதா என்று சித்திரை மாதத்தில் பேச்சு எழுகிறது. "நாளைக்குப் பார்த்துக் கொள்ளலாம்" என்கிறார் வீட்டு எஜமானர். வைகாசியில் கல்யாணங்கள், ஆடியில் புதுக் காரியம் தொடங்கலாகாது, ஆவணியில் கொத்தனார் அகப்படுவதில்லை. ஐப்பசி பிறந்ததும் மழையே வந்து விஷயத்தைத் தீர்மானித்துவிடுகிறது. கூடத்தில் அண்டாவைக் கொண்டுவந்து வைக்க வேண்டியதுதான் பாக்கி!

இவரைச் சோம்பேறி என்று சொல்லிவிடுதல் சுலபம், ஆனால் நியாயமாகாது. அவர் விடியற்காலையில் எழுந்திருப்பவராக இருக்கலாம். ஆபீஸில் ஒரு காகிதத்தையும் மறுநாளுக்கு வைக்காதவராகவும் இருக்கலாம். அவரைத் தடுப்பது உடம்பின் சோம்பல் அன்று. இரண்டு வழிகளுக்கு நடுவே நின்றுவிட்ட மனம். ஓட்டை நினைத்தால் தளம் மேலென்று தோன்றுகிறது. தளத்தை நினைத்தால் செலவு பயமுறுத்துகிறது. ஒரு பக்கத்து நியாயம் மனத்தில் வந்து நிற்கும்போது மறு பக்கத்து நியாயம் ஒளிந்து கொள்கிறது.

இந்த மனோபாவத்தை நன்கு கண்டு சொன்னவர் பெஞ்சமின் பிராங்க்ளின். 1776-ல் அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் கையொப்பமிட்ட அதே பெரியவர்தான். அதற்கு நான்கு ஆண்டு முன்பு, 1772-ல், அவர் லண்டனில் தங்கியிருந்த சமயம், ஜோசப் பிரீஸ்ட்லி என்ற நண்பர் அவரிடம் யோசனை கேட்டார். பிரீஸ்ட்லி லீட்ஸ் நகரில் ஒரு கிறிஸ்தவ சபையின் போதகர். ரசாயன ஆராய்ச்சியிலும் பித்துக் கொண்டவர். ஷெல்பர்ன் பிரபு வருஷத்துக்கு 250 பவுன் சம்பளமும் வீடும் தருவதாகச் சொல்லித் தம்மிடம் வந்துவிடும்படி அழைத்தார். பணம் அதிகந்தான். ஆனால் ஒரு பிரபுவின் தயவை நம்பி, மனைவி மக்களுடன் ஊர் பெயர்ந்து போவதா?

"போ" என்றோ "போகாதே" என்றோ பிராங்க்ளின் எழுதவில்லை. தீர்மானம் செய்யும் வழியை மட்டும் எழுதினார். ஒரு காகிதத்தின் நடுவே கோடு கிழித்து, ஒரு பக்கம் அநுகூலங்களையும், மறு பக்கம் பிரதிகூலங்களையும் குறிக்க வேண்டும். ஒரே உட்காரலில் அல்ல. மூன்று நான்கு நாட்கள், தோன்றத் தோன்ற எழுத வேண்டும். பிறகு எடை போட வேண்டும். இந்தப் பக்கத்துக் காரணம் ஒன்று அந்தப் பக்கத்துக் காரணங்கள் இரண்டுக்குச் சமமென்றால் மூன்றையும் அடித்துவிடலாம். எஞ்சி நிற்பது எந்தப் பக்கம் என்று பார்த்து, இன்னும் ஓரிரு நாள் பொறுத்து, புதிதாக ஒன்றும் தோன்றாவிட்டால் தீர்மானித்துவிட வேண்டியதுதான்.

பிரீஸ்ட்லி 1773-ல் பிரபுவிடம் போய்ச் சேர்ந்தார். மறு வருஷம் ஆகஸ்டு முதல் தேதி, பிரபுவின் மாளிகையில், பூதக்கண்ணாடியால் சூரிய வெப்பத்தைப் பாதரசத்தின் செந்தூளின்மீது பாய்ச்சி, மெழுகுவர்த்தியைப் பிரகாசமாய் எரியச் செய்யும் ஒரு வாயுவைப் பிரித்தெடுத்தார். நாம் பிராணவாயு என்று சொல்வது அதுவேதான்.

இந்தக் கணக்கைக் கற்றுக் கொள்ளாவிட்டால் உனக்குக் கல்யாணமே ஆகாது என்று, பின்னால் 1779-ல், பிராங்க்ளின் தம் உறவுப் பையன் ஒருவனுக்கு வேடிக்கையாக எழுதினார். வேடிக்கை வீண் போகவில்லை. 1838-ல் சார்லஸ் டார்வின் மெய்யாகவே கல்யாண விஷயத்தை இரண்டு பத்தியாக எழுதிப் பார்த்தார். மணந்தால் நேரம் போகும், புத்தகம் வாங்கப் பணம் குறையும் என்று ஒரு பக்கம். வயோதிகத்தில் துணை உண்டு, நாயைக் காட்டிலும் நல்ல துணை என்று மறு பக்கம்! (நம் வீட்டுப் பெண்மணிகள் மன்னிப்பார்களாக.) முடிவு, கல்யாணம். 1839 ஜனவரியில் மாமன் மகள் எம்மாவைக் கைப்பிடித்தார்.

அதே டார்வின் உயிரினங்களின் தோற்றத்தைப் பற்றிய தம் கொள்கையை 1844-லேயே விரிவாக எழுதி முடித்தார்; ஆனால் அச்சுக்குக் கொடுக்கவில்லை. ஆதாரம் இன்னும் வேண்டுமென்று எண்ணினார். நடுவே எட்டு வருஷம், பாறைகளிலும் கப்பலின் அடியிலும் ஒட்டி வாழும் சிற்றுயிர்களை ஆராய்ந்து கொண்டிருந்தார். அந்த உழைப்பை வீண் என்று சொல்ல நான் துணியேன். ஆனாலும் 1858 ஜூனில் ஆல்பிரட் வாலஸ் கீழ்த்திசைத் தீவுகளிலிருந்து அனுப்பிய கட்டுரையில் அதே கொள்கை இருக்கக் கண்ட பிறகுதான் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடுத்த பதினேழு மாதத்தில் புத்தகம் வெளியாகிவிட்டது.

பிராங்க்ளினின் கடிதத்தை மேற்கோள் காட்டுவோர் பலர் நடுக்கோட்டை மட்டும் நினைவில் வைத்துக் கொள்கிறார்கள்; நாள் கணக்கை விட்டுவிடுகிறார்கள். எனக்கென்னவோ அந்த நாள் கணக்கே உயிர்நிலை என்று தோன்றுகிறது. கல்லூரியில் சேரும் விண்ணப்பம் ஏன் தவறாமல் போகிறது? கடைசித் தேதியைப் பிறர் குறித்துவிடுகிறார்கள். கூரைக்கும், உயிலுக்கும், அண்ணன் தம்பி பாகப் பிரிவினைக்கும் தேதி குறிப்பார் இல்லை.

பல்வலிக்கும் கத்தரிக்காய்க்கும் காகிதம் வேண்டாம். முன்னதற்கு வைத்தியரிடம் உடனே போகலாம், பின்னதற்கு எதை வாங்கினாலும் பாதகமில்லை. பெரிய விஷயமானால், இரண்டு பத்திகளையும் கணவனும் மனைவியும் சேர்ந்து எழுதுவது உசிதம். காகிதத்தின் தலைப்பில் தேதி போடும் பொறுப்பை மட்டும் வீட்டு அம்மாளிடம் விட்டுவிடலாம். ஆடி மாதம் குறுக்கே வருகிறதா என்பதையும் அவரே பார்த்துக் கொள்வார்.