ஒரே பூகம்பம், இருவேறு அதிர்ச்சி

1992ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் விடியற்காலையில், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் லேண்டர்ஸ் என்னும் பாலைவனச் சிற்றூருக்கு அருகே ஒரு பெரிய பூகம்பம் ஏற்பட்டது. அதன் அளவு 7.3. அதைப் பதிவு செய்த கருவிகளுள் இரண்டை மட்டும் பார்ப்போம். ஒன்று, பூகம்பம் தொடங்கிய இடத்திற்கு அண்மையில் ஜோஷுவா ட்ரீ என்னும் ஊரில் இருந்தது. மற்றொன்று வடக்கே வெகு தொலைவில், லூசர்ன் பள்ளத்தாக்கில் இருந்தது. எங்கே நிலம் அதிக வேகத்துடன் அசைந்திருக்கும்? ஜோஷுவா ட்ரீயில் என்றுதானே சொல்வீர்கள்? உண்மையில் லூசர்னில் நிலம் அசைந்த வேகம் ஏறத்தாழ மூன்று மடங்கு! ஜோஷுவா ட்ரீயிலோ அதிர்ச்சி மெலிந்து, நெடுநேரம் நீடித்தது.

இது எப்படி? துணிக்கடைக்காரர் துணியைக் கிழிப்பதைக் கவனித்திருப்பீர்கள். கத்தரியால் ஓரத்தில் சிறிது வெட்டிவிட்டு இழுக்கிறார். கிழிசல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடுகிறது. பூமியின் பாறையும் அப்படித்தான். பூகம்பம் ஒரு புள்ளியில் வெடிக்கும் வெடிகுண்டு அன்று. பாறைப் பிளவின் வழியே ஓடும் கிழிசல். லேண்டர்ஸில் அது ஏறத்தாழ 70 கி.மீ. தூரம், பெரும்பாலும் வடக்கு நோக்கியே ஓடியது.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். கிழிசல் வினாடிக்கு 2.8 கி.மீ. வேகத்தில் ஓடுவதாகக் கொள்ளுங்கள். 70 கி.மீ. கடக்க 25 வினாடி ஆகும். நிலத்தை வலுவாக உலுக்கும் குறுக்கலைகளின் வேகம் வினாடிக்கு 3.5 கி.மீ. எனக் கொள்வோம். கிழிசல் முடியும் முனையில் நீங்கள் நிற்கிறீர்கள். தொடக்கத்தில் புறப்பட்ட அலை 20ஆவது வினாடியில் உங்களிடம் வருகிறது. கடைசி அலை உங்கள் காலடியில் 25ஆவது வினாடியில் பிறக்கிறது. ஆக, எல்லா அலைகளும் 5 வினாடிக்குள் நெருக்கியடித்து வந்து சேர்கின்றன. தொடங்கிய முனையில் நிற்கும் உங்கள் நண்பருக்கோ முதல் அலை உடனே கிட்டுகிறது; கடைசி அலை 25 + 20 = 45ஆவது வினாடியில்தான் வருகிறது. 5 வினாடியில் திரண்டு வரும் அலைகள் 45 வினாடியில் பரவி வந்தால் வலிமை குன்றும் அன்றோ? லூசர்ன் கருவி பிளவை ஒட்டியே இருந்தது என்பதும் ஒரு காரணம்தான். ஆயினும் அது மட்டுமே காரணமன்று.

அணையோ மருத்துவமனையோ கட்டுமுன், அந்த இடத்தில் நிலம் எவ்வளவு அதிரக்கூடும் எனப் பொறியியலார் கணக்கிடுவர். பூகம்பத்தின் அளவு, தொலைவு, மண்ணின் தன்மை ஆகியவற்றைக் கொண்டு சூத்திரங்கள் உள்ளன. ஒரு சூத்திரம் நில முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் 20 சதவீதம் என்று சொன்னால், மூன்று பதிவுகளில் இரண்டு 10க்கும் 40க்கும் இடையே அமையும்; மூன்றாவது அதற்கும் வெளியே போகும்! தேர்வில் இப்படி விடை எழுதினால் நான் மதிப்பெண் தரமாட்டேன். ஆனால் தவறு சூத்திரம் அமைத்தவர்களுடையது அன்று. அளவு என்னும் ஒற்றை எண்ணுக்குள் பூகம்பத்தின் குணம் முழுவதும் அடங்குவதில்லை.

இன்னொரு குணத்தையும் பாருங்கள். பூகம்பத்தின் அளவு, பிளவின் பரப்பையும் பாறை வழுக்கிய தூரத்தையும் பெருக்கினால் வரும் தொகையைப் பொறுத்தது. பெரிய பரப்பு சிறிது வழுக்கினாலும், சிறிய பரப்பு அதிகம் வழுக்கினாலும் அளவு ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் இரண்டாவதில் பாறையிலிருந்து விடுபடும் தகைவு மிக அதிகம். எளிய கொள்கைப்படி, அது 8 மடங்கானால் விரைந்து துடிக்கும் அலைகளின் வீச்சு 4 மடங்காகும். தாழ்ந்த கட்டடங்களைத் தாக்குபவை இத்தகைய அலைகளே.

கிழிசல் எந்த முனையில் தொடங்கும், எத்திசையில் ஓடும் என்பதை முன்கூட்டி அறிய வழியில்லை. ஆகவே சராசரியை மட்டும் நம்பாமல், அதற்கு மேலும் எவ்வளவு போகக்கூடும் என்பதையும் பொறியியலார் கணக்கில் சேர்க்கின்றனர். லேண்டர்ஸில் கிழிசலின் முன்னே இருந்தது பாலைவனம். உயிர்ச்சேதம் மிகக் குறைவு. 1995 ஜனவரி 17இல் ஜப்பானில் ஏற்பட்ட பூகம்பத்தின் அளவு 6.9தான். கடலடியில் தொடங்கிய அக்கிழிசலின் ஒரு கிளை கோபே நகரை நோக்கி ஓடியது. அந்தப் பூகம்பத்தில் 6,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.