ஒரு கைப்பேசிக்கு இரண்டு எசமானர்கள்

அலுவலகப் பொருள் அலுவலகத்திலும் வீட்டுப் பொருள் வீட்டிலும் இருந்த காலம் ஒன்று உண்டு. கணக்குப் பேரேடும், இரும்புப் பெட்டியின் திறவுகோலும், அலுவலக முத்திரையும் மாலையில் அங்கேயே தங்கிவிடும். உழைத்துக் களைத்தவர் வெறுங்கையுடன் இல்லம் திரும்புவார். இன்றோ அலுவலகமே சட்டைப்பையில் அமர்ந்து வீடு வந்து சேர்கிறது. நம் பங்குக் குடும்பங்கள் பலவற்றில் மகனோ, மகளோ, மருமகளோ தம் சொந்தப் பணத்தில் வாங்கிய கைப்பேசியிலேயே அலுவலக மின்னஞ்சலையும் பார்த்து வருவதைக் காண்கிறோம். குழந்தையின் திருமுழுக்குப் படமும், முன்பின் அறியாத ஒரு வாடிக்கையாளரின் வங்கிக் கணக்கு விவரமும் ஒரே கருவிக்குள் அடுத்தடுத்து இருக்கின்றன. அக்கருவிக்கு விலை கொடுத்தவர் ஒருவர். அதன்மேல் அதிகாரம் செலுத்துவோர் இருவர். அந்த இரண்டாம் எசமானரின் அதிகாரம் எதுவரை செல்லும் என்பதை நாம் கேட்டறிவதுண்டா?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நடந்த ஒரு வழக்கு இதற்குத் தக்க விடையளிக்கிறது. வீடுகள் கட்டி விற்கும் ஒரு நிறுவனத்தில் பணிபுரிந்தவர் அவர். எந்நேரமும் மின்னஞ்சலுக்கு மறுமொழி அளிக்க வேண்டிய பணி. நிறுவனம் அவருக்குக் கைப்பேசி வழங்கவில்லை. எனவே தம் சொந்த ஐபோனையே நிறுவனத்தின் மின்னஞ்சல் கணினியோடு இணைத்துப் பயன்படுத்தி வந்தார். 2013 பிப்ரவரியில், இரண்டு வாரங்களில் விலகிக்கொள்வதாக முன்னறிவிப்புக் கொடுத்தார். நிறுவனமோ அவரை உடனே அனுப்பிவிட்டது. சில நாள்களில் அந்நிறுவனத்தின் கணினி நிர்வாகி தம் இருக்கையில் இருந்தபடியே ஒரு கட்டளை அனுப்ப, அவருடைய கைப்பேசி கடையிலிருந்து வந்த புதிய கருவியைப் போல் வெறுமையாகிவிட்டது. அலுவலகக் கடிதங்கள் மட்டுமா மறைந்தன? பல ஆண்டுகளாகச் சேர்த்த 600க்கும் மேற்பட்ட தொழில் தொடர்புகள், அயல்நாடுகளில் வாழும் உறவினரின் எண்கள், குடும்பப் படங்கள், ஒளிக்காட்சிகள், கடவுச்சொற்கள் ஆகிய எல்லாமே போய்விட்டன என்று அவர் முறையிட்டார்.

அவர் நீதிமன்றம் சென்றார். 2014 நவம்பரில் ஹூஸ்டன் நகரக் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் துணைகொண்ட இரு கூட்டாட்சிச் சட்டங்களின் கீழும் அவருக்கு நிவாரணம் இல்லை என்பதே தீர்ப்பு. சேமித்து வைக்கப்பட்ட மின்தொடர்புகளைக் காக்கும் சட்டம், ஒருவருடைய கைப்பேசிக்குள் உள்ள படங்களுக்குப் பொருந்தாது. கணினிக் குற்றச் சட்டமோ, பழுதைக் கண்டறியவும் சேவையை மீட்கவும் ஆகும் செலவையே இழப்பாகக் கணக்கிடும். மறைந்துபோன குடும்பப் படத்தின் மதிப்பை அது அளப்பதில்லை. மாநிலச் சட்டத்தின் கீழ் எழும் கேள்விகளை இந்நீதிமன்றம் தீர்க்காமல் விட்டுவிட்டது. நிறுவனம் செய்தது நேர்மையானதா என்பது வேறு கேள்வி. நேர்மையன்று என்றே நமக்குத் தோன்றுகிறது. ஆயினும் அழிந்தது அழிந்ததே.

இத்தகைய கட்டளை எங்கிருந்து வந்தது? 2007ஆம் ஆண்டு ஐபோன் விற்பனைக்கு வருமுன், அலுவலக மின்னஞ்சலுக்கென நிறுவனங்கள் பெரும்பாலும் தாமே வாங்கித் தந்த கருவி பிளாக்பெர்ரி. அதனை எசமானர் அழித்தால் தம் பொருளையே அழித்தார் எனலாம். 2008இல் ஐபோனும் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் மின்னஞ்சலோடு இணையும் வசதியைப் பெற்றது. தொலைவிலிருந்தே கருவியை முழுவதும் அழிக்கும் ஆற்றலும் அதனோடு சேர்ந்தே வந்தது. திருடன் கையில் சிக்கிய கருவிக்கென உண்டான மருந்து அது; அலுவலகக் கடிதம் எது, அன்னையின் படம் எது என்று பிரித்தறியத் தெரியாத மருந்து. பேருந்தில் தவறவிட்ட கைப்பேசிக்கும், விலகிச் சென்ற ஊழியரின் கைப்பேசிக்கும் அது ஒரே வேலையைத்தான் செய்யும்.

நிறுவனங்களை மட்டும் குறை கூறிவிட்டு நகர்வது முறையாகாது. அவர்களுடைய அச்சம் பொய்யான அச்சமன்று. 2022 செப்டம்பரில் அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம் வால் ஸ்ட்ரீட்டின் 16 நிறுவனங்களுக்கு மொத்தம் 110 கோடி டாலருக்கும் மேல் தண்டம் விதித்தது. காரணம் என்ன? அந்நிறுவனங்களின் ஊழியர்கள் தொழில் பேச்சைத் தம் சொந்தக் கைப்பேசிகளின் குறுஞ்செய்திகளில் நடத்தினர். சட்டம் கோரியபடி அப்பேச்சுகள் பாதுகாத்து வைக்கப்படவில்லை. நம் நாட்டிலும் 2023இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிறருடைய விவரங்களைத் தக்கபடி காக்கத் தவறும் நிறுவனத்திற்கு ரூ.250 கோடி வரை தண்டம் விதிக்க வகை செய்துள்ளது. ஒரு மருத்துவமனையின் செவிலியர் நோயாளியின் ஆய்வறிக்கையைத் தம் கைப்பேசியில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் மருத்துவருக்கு அனுப்புகிறார் என வைத்துக்கொள்வோம். அவருடைய நோக்கம் நல்லதே. ஆனால் அந்தப் படம் அவர் வீட்டுக் குழந்தை விளையாடும் கருவியில் தங்கிவிடுகிறதே! நோயாளியின் குடும்பம் இதனை விரும்புமா?

இரு சாராருக்கும் நியாயம் உண்டு என்றால், வழி என்ன? கூட்டுக் குடும்ப வீட்டில் நடுவே சுவரெழுப்பிப் பாகம் பிரிப்பது போலக் கைப்பேசிக்குள்ளும் ஒரு சுவரை எழுப்பினார்கள். சாம்சங் நிறுவனம் 2013இல் நாக்ஸ் என்னும் பெயரில் அத்தகைய அமைப்பைக் கொண்டுவந்தது. 2014இல் வெளிவந்த ஆண்ட்ராய்டின் ஐந்தாம் பதிப்பு, பணிக்கென ஒரு தனிப் பகுதியைத் தந்தது. 'ஒர்க் புரொஃபைல்' என்பது அதன் பெயர். 2019இல் ஆப்பிளும், ஊழியரின் சொந்தக் கருவிகளுக்கென ஏறக்குறைய அதே முறையை வகுத்தது. ஆண்ட்ராய்டில் பணிப் பகுதிக்குரிய செயலிகளின்மேல் சிறியதொரு கைப்பெட்டிச் சின்னம் இருக்கும். அலுவலகக் கடிதத்தை அப்பகுதிக்குள் திறந்தால், அதனை இப்பக்கத்து வாட்ஸ்அப்பில் ஒட்ட முடியாதபடி நிறுவனம் தடுத்துவிடலாம். அதற்கு ஈடாக நிறுவனத்தின் கையும் சுவரைத் தாண்டுவதில்லை. சொந்தப் பகுதியில் உள்ள படங்களையோ, செய்திகளையோ, செயலிகளையோ நிர்வாகி காண இயலாது. ஊழியர் விலகும்போது அவர் அழிக்கக்கூடியது பணிப் பகுதியை மட்டுமே. இன்னொரு நன்மையும் உண்டு: மாலையில் அப்பகுதியை உறங்க வைத்துவிடலாம். குடும்ப செபத்தின் நடுவே மேலாளரின் செய்தி மணியடிக்காது!

ஆயினும் இச்சுவர் எல்லா இடத்திலும் தானாக எழும்பிவிடுவதில்லை. எம்முறையைக் கையாள்வது என்பதை நிறுவனமே தேர்கிறது. முழுக் கருவியையும் ஆளும் முறையை இன்றும் கைக்கொள்ள முடியும். நிறுவனமே வாங்கித் தந்த கருவியாயின் அதன் அதிகாரம் இன்னும் விரிந்தது. அத்தகைய கருவியில் குடும்பப் படங்களை வைப்பது வாடகை வீட்டில் புதையலைப் புதைப்பதற்கு ஒப்பாகும். சொந்தக் கைப்பேசியில் அலுவலக மின்னஞ்சலைச் சேர்க்கும்போது, சில செயலிகள் ஓர் அனுமதித் திரையைக் காட்டும். எல்லாத் தரவையும் அழிக்கும் உரிமை என்று அதிலேயே எழுதியிருக்கும். பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் நாம் அதனைப் படியாமலே விரலால் ஒற்றிவிடுகிறோம். அந்த ஒரு வரியைக் கண்டவுடன் கையை நிறுத்தி, அலுவலகக் கணினிப் பிரிவினரிடம் வினவுங்கள்: "நான் விலகினால் எதனை அழிப்பீர்கள்? பணிப் பகுதி மட்டுமா, முழுக் கருவியுமா? எழுத்தில் தருவீர்களா?" முறையாக நடக்கும் நிறுவனம் இக்கேள்விக்கு முகம் சுளிக்காது.

செலவு யாருடையது என்பதையும் கேட்கலாம். கலிபோர்னியாவின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014 ஆகஸ்டில் ஒரு தீர்ப்பு வழங்கியது. சொந்தக் கைப்பேசியைப் பணிக்குப் பயன்படுத்தியே ஆகவேண்டும் எனில், ஊழியருக்குக் கூடுதல் செலவு ஏதும் ஆகாவிடினும், கட்டணத்தில் நியாயமான ஒரு பங்கை முதலாளி தந்தாக வேண்டும் என்றது. அது அம்மாநிலச் சட்டம். நமக்கு அது கட்டளையன்று. எனினும் கேட்பதற்கு ஒரு துணிவைத் தருகிறது.

இனி நம் இல்லத்தின் பக்கம் வருவோம். நம் வீடுகளில் கைப்பேசி ஒருவருக்கே உரிய பொருளாக இருப்பதில்லை. பாட்டி அதில் திருப்பலி காண்பார். பேரன் கார் ஓட்டி விளையாடுவான். அலுவலகக் கணக்கு ஏறிய கருவியில் இது இடர் தரும். குறிப்பிட்ட தடவைகளுக்கு மேல் கடவு எண்ணைத் தவறாக இட்டால் கருவி தானே அழிந்துவிடும்படி நிறுவனம் விதி அமைத்திருக்கலாம். பேரனுடைய விரலுக்கு அந்த விதி தெரியாது. ஆகவே குழந்தைக்குப் பழைய கருவி ஒன்று இருந்தால் அதனைத் தருவதே நலம். அலுவலகம் ஆறு இலக்கக் கடவு எண் கேட்டால் சலித்துக்கொள்ள வேண்டாம். ஆட்டோவில் தவறவிட்ட அன்று அது நமக்கே காவல். மென்பொருள் புதுப்பித்தல் வரும்போது தள்ளிப்போடாமல் ஏற்றுக்கொள்ளுங்கள். கருவி காணாமற்போனால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்த கையோடு அலுவலகத்திற்கும் அறிவித்துவிடுங்கள். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தின் வழியாக, எந்த இணைப்பிலும் இயங்காதபடி அதனை முடக்கவும் இயலும்.

இவை அனைத்திலும் மேலானது, படங்களுக்கும் எண்களுக்கும் கருவிக்கு வெளியே இன்னொரு நகல் இருப்பதுதான். கூகுளிலோ ஐகிளவுடிலோ சொந்தக் கணக்கில் ஏற்றி வைக்கலாம். அதில் நம்பிக்கை இல்லாதவர் திங்களுக்கு ஒருமுறை வீட்டுக் கணினியில் இறக்கிக்கொள்ளட்டும். அலுவலகக் கணக்கில் மட்டும் ஏற்ற வேண்டாம்; பணியோடு அதுவும் போய்விடும். விலகல் கடிதம் எழுத எண்ணுபவர் இந்த நகலை முதலில் எடுத்துவிட்டு, பிறகு கடிதத்தை எழுதட்டும். கடிதம் கைமாறியபின் அவகாசம் எத்தனை நாள் என்பது அவர் கையில் இல்லை. பணி முடிந்து அலுவலகக் கணக்கை முறைப்படி நீக்கிய பின்னரே அந்தப் பழைய கைப்பேசியைத் தாத்தாவுக்குக் கொடுக்க வேண்டும். இல்லையேல் தாத்தா சேர்த்துவைக்கும் பேரப்பிள்ளைகளின் படங்களின்மேலும் அந்தப் பழைய எசமானரின் அதிகாரம் நீடிக்கும்.